பட்டினி நிலம்

கிளிகோரைப் போல ஒரு மடையனை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். என் புருஷன் இருந்தான். ஆனால் என் புருஷன் செய்த மடத்தனமெல்லாம் அவனோடு குழிக்குள் போய்விட்டது. கிளிகோர் செய்தது ஒரு மலைச்சரிவைக் கெடுத்தது, பெற்ற மகளின் வயிற்றிலும் அடித்தது. அதையும் அவள் நல்லதுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவன் என் புருஷனுக்குச் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன் முறை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை, அவ்வளவுதான். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவன் முற்றமும் அதற்கு மேலே ஏறும் சரிவும் அப்படியே தெரியும். நான் வேவு பார்க்கிறேன் என்று அவன் பெண்டாட்டி சலோமியா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஜன்னலை அந்தப் பக்கம் வைத்துக் கட்டியவர் என் மாமனார். கேட்பதென்றால் கல்லறைக்குப் போய் அவரைக் கேட்கட்டும்.

எங்கள் மலையில் ஒருவன் பெரிய மனிதனா என்று அறிய அவன் வீட்டைப் பார்க்க மாட்டார்கள், சட்டையைப் பார்க்க மாட்டார்கள். தொழுவத்துக்கு முன்னால் குவித்து வைத்திருக்கும் எருவைப் பார்ப்பார்கள். குவியல் ஆள் உயரத்துக்கு, ஓரம் தட்டிச் சதுரமாக நின்றால் மாடு நிறைய, புல் நிறைய, ஆசாமி கெட்டி. சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட முதலில் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார்கள். ஒருவனைத் திட்ட அவன் தாயையோ தங்கையையோ இழுக்க வேண்டியதில்லை. 'சாணியில்லாதவன்' என்றால் போதும், கைகலப்பாகிவிடும். இந்தச் சாணிப் பெருமையை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. ஆனால் நானும் இங்கே பிறந்தவள்தானே. என் குவியலையும் ஓரம் தட்டித்தான் வைக்கிறேன்.

கிளிகோருக்கு இருந்தது இரண்டு பசுவும் ஒரு கிழட்டுக் குதிரையும். அந்த எரு உருளைக்கிழங்குக்கும் வீட்டை ஒட்டிய புல்லுக்குமே காணாது. மேலே இருந்த பெரிய சரிவுக்கு அவன் அப்பன் காலத்திலிருந்து ஒரு கூடை எரு போனதில்லை. அப்படிப்பட்ட நிலத்தைப் பட்டினி நிலம் என்போம். புல் கணுக்காலைத் தாண்டாது, வெளுத்துப் போய்க் கிடக்கும். வைத்திருப்பவன் அதைப் பற்றி நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான்.

ஆனால் ஆர்னிகா என்ற மருந்துப் பூ பட்டினி நிலத்தில்தான் வரும். அது அப்படி ஒரு பிறவி. நாலைந்து இலையைத் தரையோடு தரையாக விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் புல் கொழுத்து எழுந்துவிட்டால் வெயில் கிடைக்காமல் செத்துப்போகும். எரு கொட்டினால் புல்தான் கொழுக்கும். ஜூன் பிறந்து கொஞ்ச நாளில், பனி விலகுகிற ஒரு காலையில் பார்த்தால் சரிவு முழுக்க மஞ்சள். அதைப் பறித்து, பரணில் பரப்பிக் காயவைத்து, கீழே வரும் வண்டிக்காரனிடம் போட்டால் மருந்துக் கம்பெனிக்குப் போகும். சாராயத்தில் ஊறப்போட்டு வைத்தால் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் தடவலாம். எங்கள் ஊர் ஆண்கள் ஊறும்வரை பொறுக்க மாட்டார்கள், அது வேறு கதை.

அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டது கிளிகோரின் மகள் இலிங்கா. சின்ன வயதிலிருந்தே அவள்தான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இருந்தாள். ஊரில் 'புளித்துப்போன பால்' என்பார்கள். புளித்த பால் இல்லாமல் இவர்களுக்கு ஒரு வேளை களி இறங்காது, பேச்சு மட்டும் இப்படி. நெட்டையாக, எலும்பாக இருப்பாள். நெட்டரிவாள் பிடித்துப் புல் அறுப்பதில் இரண்டு ஆணுக்குச் சமம். மற்றவர்கள் ஜூலையில் அறுத்து முடித்து மீசையை முறுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் பேசாமல் இருப்பாள். ஆர்னிகா பஞ்சாகி, விதை பறந்து தரையில் விழுந்த பிறகுதான் அரிவாளை எடுப்பாள். காட்டு ஓரத்திலிருந்து ஏறி வரும் ஊசியிலைக் கன்றுகளையும் அவுரிநெல்லிப் புதர்களையும் குனிந்து குனிந்து வேரோடு பிடுங்குவாள். பெருச்சாளி தோண்டிப் போட்ட புதுமண்ணைக் கண்டால் மடியிலிருந்து விதையை எடுத்துத் தூவி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். பூ பறிக்கும்போதும் ஒவ்வொரு கொத்திலும் கொஞ்சத்தை விட்டுவிட்டுத்தான் போவாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று கிளிகோர் கேட்பான். கடவுள் ஏழைகளுக்கு வீசியெறிந்த களையை வளர்க்கிறாளாம்.

அந்தக் களைதான் அவளை நிமிர்ந்து நடக்கவைத்தது. செருப்பு, கம்பளி, பல் வலிக்கு டவுனுக்குப் போகிற பஸ், எதற்கும் அவள் அப்பனிடம் கையேந்தியதில்லை. அது போனால் அப்பன் கையால் சோறு. இல்லாவிட்டால் எவனோ ஒருவன் கையால் சோறு. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு மூன்றாவது வழி தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கீழ்க்கிராமத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நிஸ்தோர், பெண்டாட்டியை இழந்தவன், நாற்பது வயது. அவன் அம்மா மினோதோரா இன்னும் அவனுக்குத் தட்டில் இறைச்சியை நறுக்கிப் போடுகிறாள் என்று கேள்வி. எட்டோ பத்தோ மாடு. எருக்குவியலின் நிழலில் ஒரு வண்டியை நிறுத்தலாம் என்று கிளிகோர் வந்து சொன்னபோது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஜூன் கடைசியில், யோவான் பண்டிகைக்கு மறுநாள் நம் நிலத்தைப் பார்க்க வருகிறார்கள், மேல்சரிவைப் பெண்ணுக்கு எழுதிவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன் என்றான்.

இலிங்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒருநாள் என் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அதைப் பேசினாள். அந்த ஆள் கெட்டவன் மாதிரித் தெரியவில்லை, அப்பாவோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது, அங்கே போனாலும் ஜூன் மாதம் மேலே வந்து பூப் பறிக்கலாம், சரிவு என் பேரில்தானே இருக்கப்போகிறது என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது. நான் இன்னொரு கிழங்கை எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் மாதம் சலோமியாவின் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். தாயும் மகளும் அவளைப் பார்த்துக்கொள்ளக் கீழே போனார்கள். வீட்டில் கிளிகோர் தனி. ஆண்பிள்ளை தனியாக இருந்தால் குடிப்பான், அல்லது யோசிப்பான். குடித்திருந்தால் தேவலை.

அவன் யோசித்தான். சம்பந்தி வீட்டார் வருவார்கள். பட்டினி நிலத்தைப் பார்ப்பார்கள். வெளுத்த புல்லைப் பார்த்து மினோதோரா உதட்டைப் பிதுக்குவாள். அவ்வளவுதான், மானம் போய்விடும். ஆட்டுப்பட்டி ஒனுத்திடம் போய்த் தன்னுடைய கொழுத்த பன்றியைக் கொடுத்துவிட்டு, பட்டியில் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த எருவை வாங்கினான். பன்றியைக் கொடுத்துச் சாணி வாங்கிய மனிதனை இந்த மலை அதுவரை கண்டதில்லை. ஒனுத் ஒரு வாரம் சிரித்தான், பிறகு பன்றியை அறுத்துத் தின்றான்.

கடைசிப் பனி இன்னும் தரையில் கிடந்தது. எங்களுக்கு எரு ஏற்ற அதுதான் காலம், சறுக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நான் ஜன்னலைத் திறந்தபோது கிழட்டுக் குதிரை நுரை தள்ள மேல்சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் கிளிகோர். வெள்ளைப் பனிமேல் கறுப்புக் கறுப்பாகக் குவியல்கள். ஓடைக்கரை வரைக்கும் ஓடிப்போய்க் கத்தினேன்.

"யோவ் கொழுந்தனாரே, அது இலிங்காவோட பூ நிலம்யா. அங்க எதுக்குக் கொட்டுற?"

அவன் எரு அள்ளும் முள்கரண்டியை ஊன்றி நின்றான். "அவளுக்காகத்தான் கொட்டுறேன் மதினி. என்னைக்காவது வயிறாரத் தின்னுருக்கா அந்த நிலம்? பூவும் ரெண்டு பங்கு பெருசா வரும், பாருங்க."

"அது தின்னா செத்துப்போற ஜாதிய்யா. உன் மக எத்தனை தடவை சொல்லியிருக்கா."

"எரு போட்டுச் செத்த செடிய நான் பார்த்ததில்ல. உங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துலயே உங்க குவியல் கோழிக்கூடு அளவுதான். நீங்க எருவப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டீங்க."

இதற்குமேல் ஒருவனிடம் என்ன பேசுவது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கீழே சொல்லியனுப்பலாம் என்றால் பாலம் பனியில் முறிந்து கிடந்தது. வழி திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்காக நின்று பெய்தது. எரு கரைந்து, பழுப்பாக வழிந்து, மண்ணுக்குள் இறங்கியது. சரிவின் உச்சியில் பாறை துருத்தி நிற்கும் ஓரத்தில் மட்டும் வண்டி ஏறவில்லை. அதுவும் அவன் கருணையால் அல்ல, குதிரை மறுத்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் அப்போது புத்தியோடு இருந்தது அது ஒன்றுதான்.

இலிங்கா தாயோடு திரும்பி வந்தபோது ஈஸ்டர் நெருங்கியிருந்தது. மூட்டையை முற்றத்தில் வைத்தாள். மூக்கை உயர்த்தினாள். வீட்டுக்குள்கூடப் போகாமல் நேரே மேலே ஏறினாள். நான் ஜன்னலில்தான் இருந்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே முற்றத்தில் கிளிகோர் இடுப்பில் கைவைத்து, பாராட்டுக்குக் காத்திருந்தான். அவள் இறங்கிவந்து அவனைத் தாண்டிப் போனாள். கத்தவில்லை, அழவில்லை. சலோமியாதான் கத்தினாள். புருஷனைப் பார்த்து அல்ல. பெற்ற அப்பன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போகிறாயே என்று மகளைப் பார்த்து.

மே மாதம் சரிவு பச்சையாக எழுந்தது. அப்படி ஒரு பச்சை. புல் முழங்கால் தொட்டது, பிறகு தொடை தொட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கிளிகோர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நடந்தான். பூ எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒருநாள் இலிங்காவோடு மேலே போனேன். அவள் புல்லை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினாள். அடியில் ஆர்னிகா இலைகள் மஞ்சளாகி, கொழகொழவென்று கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஓடில்லாத நத்தைகள் அப்பிக்கொண்டு தின்றன.

"வேர் இருக்குமா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் அதுவும் போயிரும் பெரியம்மா. நான் கன்னெல்லாம் பிடுங்குனேன், புதரெல்லாம் பிடுங்குனேன். அப்பாவை எங்கயிருந்து பிடுங்கறது?"

பாறையோரத்தில் மட்டும் பூத்தது. ஒரு கூடைக்கும் வரவில்லை. அவள் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை, விதைக்கு விட்டாள்.

யோவான் பண்டிகைக்கு மறுநாள் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மினோதோரா முன்னால், நிஸ்தோர் பின்னால். அவள் முற்றத்தைப் பார்த்தாள், இரண்டு பசுவைப் பார்த்தாள், உதடு பிதுங்கத் தொடங்கியது. கிளிகோர் சட்டென்று மேலே கையைக் காட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள், உதடு இருந்த இடத்துக்குத் திரும்பியது. மேலே ஏறிப்போய்ப் புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். காலணியால் மண்ணைக் கிளறி முகர்ந்தாள். ஆட்டெரு என்று மகனிடம் சொன்னாள், திருப்தியாக. என்ன சொல்ல, மடையன் போட்ட கணக்குச் சரியாக வந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை. உலகத்தில் ஒரு முட்டாள் இருந்தால் அவனை மெச்சிக்கொள்ள இன்னொரு முட்டாளும் எப்படியோ வந்துசேர்கிறான்.

நெருங்கிய உறவு என்று என்னையும் மேஜையில் உட்காரவைத்தார்கள். மக்காச்சோளக் களியை நூலால் அறுத்துப் போட்டாள் சலோமியா. புகையிட்ட பன்றிக்கொழுப்பு இருந்தது, அதை எங்கிருந்து கடன் வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. பாலாடைக்கட்டி, பிளம் சாராயம். மினோதோரா உண்மையாகவே மகன் தட்டை இழுத்து நறுக்கிக் கொடுத்தாள். அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நல்ல மனிதன், நல்ல உடம்பு, மாடு பார்க்கிற மாதிரி எல்லோரையும் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாராயம் இரண்டு சுற்று போனதும் மினோதோரா பேச்சைப் பிடித்தாள். சரிவு நல்ல சரிவுதான், ஆனால் உங்கள் பையன் ஸ்பெயினில் வேலைக்குப் போயிருக்கிறானே, நாளைக்கு அவன் வந்து பங்கு கேட்டால் என்றாள். கிளிகோர் அவன் கேட்க மாட்டான் என்றான். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள் என்றாள் அவள். ஒருவேளை இந்தக் கல்யாணம் முடிகிறவரைக்கும் அவள் பேரைச் சொல்லிவிட்டு அப்புறம் வேறு பேச்சுப் பேசினால், நாங்கள் கோர்ட்டுக்கா அலைய முடியும் என்றாள். அவள் சொன்ன விதம், அவனைச் சாணியில்லாதவன் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி இருந்தது.

கிளிகோரின் கழுத்து சிவந்தது. எழுந்தான். மேஜை நடுவில் இருந்த ரொட்டிமேல் கையை வைத்தான். எங்கள் பக்கம் ரொட்டிமேல் கைவைத்துச் சொன்னால் பத்திரம் தேவையில்லை. அதை மீறியவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சலோமியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவன் உதறினான்.

"இன்னைலேருந்து மேல்சரிவு இலிங்காவோடது. என் பையன் வந்தாலும் சரி, ராஜாவே வந்தாலும் சரி. கல்யாணம் ஆனாலும் ஆகாட்டாலும் அது அவளோடது. அதுல நான் கை வெக்க மாட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

மினோதோரா ஒரு துண்டைப் பிட்டுச் சாப்பிட்டாள். நானும் பிட்டேன். சொல் முடிந்தது. கிளிகோர் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் இலிங்கா வாயைத் திறந்தாள். அதுவரை அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். நிஸ்தோரைப் பார்த்துத்தான் கேட்டாள், அவன் அம்மாவைப் பார்த்து அல்ல.

"உங்க நிலத்துல ஒரு மூலைய எனக்கு விடுவீங்களா? எரு போடாம. நான் பூ வளர்த்துக்கறேன். மேலயும் இனிமே ஒரு கூடை எருகூட போடக்கூடாது."

நிஸ்தோர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். யோசித்தான். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு கணம் அவன் தலை ஆடப் பார்த்தது. பிறகு கண் தானாக அம்மா பக்கம் போனது. அவ்வளவுதான்.

"பட்டினி நிலமா? எங்க வீட்டுலயா?" என்றாள் மினோதோரா. சிரித்தாள். "ஊர்ல காறித் துப்புவாங்கடி. பத்து மாடு வெச்சிருக்கோம், எரு எங்க கொட்டறதுன்னு தெரியல. உனக்கு வேணுங்கற பூவ ஜன்னல்ல தொட்டியில வெச்சுக்கோ."

"நீங்க சொல்லுங்க," என்றாள் இலிங்கா, நிஸ்தோரிடம்.

"அம்மா சொல்றது சரிதானே," என்றான் அவன், வருத்தத்தோடுதான். "எரு போட்டா தப்பா?"

"அப்ப நான் வரல."

அவள் சொன்னது அவ்வளவுதான். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்தது என்பார்களே, கிளிகோரின் முகம் அப்படி இருந்தது. மினோதோரா எழுந்து தன் சால்வையைத் தேடினாள். நிஸ்தோர் தட்டில் மீதியிருந்த கொழுப்பைப் பார்த்தான், பிறகு கதவைப் பார்த்தான். கதவைத் தாண்டிப் போய் அவளிடம் ஒரு வார்த்தை பேச அவனுக்குத் துணிச்சல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. கொழுப்பைத் தின்றுவிட்டுப் போனான்.

அன்று மாலை முழுவதும் கிளிகோர் குதித்தான். சரிவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றான். நான் ஓடையைத் தாண்டிப் போய், ரொட்டி என் வயிற்றில் இருக்கிறது கொழுந்தனாரே, வேண்டுமென்றால் அறுத்து எடுத்துக்கொள் என்றேன். மினோதோரா வயிற்றிலும் இருக்கிறது, அவள் ஊரெல்லாம் சொல்வாள் என்றேன். அடங்கிவிட்டான். ஊருக்குப் பயந்துதான் எரு போட்டான், ஊருக்குப் பயந்துதான் நிலத்தையும் விட்டான். சொந்தமாக ஒரு பயம்கூட இல்லாத மனிதன்.

ஆகஸ்டில் புல்லை அறுத்தாள் இலிங்கா. எல்லாம் அறுத்து முடிந்த பிறகு, பாறையோரத்து விதையைத் துணியில் முடிந்து பரணில் தொங்கவிட்டாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். சரிவின் மேல் மூலையில் ஆரம்பித்தாள். புல்லோடும் வேரோடும் மண்ணைப் பாளம் பாளமாக அறுத்துப் புரட்டினாள். அடியில் கல்லும் வெளுத்த மண்ணும் தெரிகிறவரைக்கும். காட்டு ரோடு போட்டபோது சரிவைச் சுரண்டிவிட்ட இடத்தில்தான் முதலில் ஆர்னிகா முளைத்தது, அதைப் பார்த்திருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். எரு தின்ற மண் மேலே இருக்கிறவரைக்கும் எதுவும் வராது, எடுத்துவிட்டால் வரும் என்றாள். எவ்வளவு மண் என்று அண்ணாந்து பார்த்தேன்.

ஊருக்கு நல்ல வேடிக்கை. ஆண்கள் வேலியில் சாய்ந்து பார்த்தார்கள். இலிங்கா மலையைத் தோல் உரிக்கிறாள் என்றான் ஒருவன். புதைத்து வைத்த மாப்பிள்ளையைத் தேடுகிறாள் என்றான் ஒனுத், பன்றிக்கறி தின்ற வாய். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோரும் அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு, பிறகு கிளிகோரைப் பார்த்தார்கள். உன் சரிவுக்குச் சிரங்கு வந்துவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். அவன் பூசை முடிவதற்குள்ளேயே வீட்டுக்கு வந்துவிட்டான். பின்வாசல் வழியாக.

அக்டோபரில் ஒருநாள் நான் அவளுக்குக் களியும் தயிரும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். காலையில் தரை உறைந்து கிடந்தது, மத்தியானம்தான் மண்வெட்டி இறங்கியது. ஓரத்தில் ஒரு பெரிய துண்டு நிலம் பாளம் எடுத்து முடிந்திருந்தது. அவள் கை இரண்டும் வெடித்திருந்தன. ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது பாடிக்கொண்டேதான் உட்கார்ந்தாள், அவளுக்கே அது தெரியவில்லை.

கீழே இருந்து கிளிகோர் ஏறிவருவது தெரிந்தது. குதிரையைப் பிடித்துக்கொண்டு, காலியான வண்டியோடு. மூச்சு வாங்க வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். என்னைப் பார்த்தான். நான் போவதாக இல்லை.

"ஊரே சிரிக்குதும்மா," என்றான்.

"சிரிக்கட்டும்."

"எனக்கு வெளிய தலைகாட்ட முடியல."

"உங்களுக்காக நான் இத பண்ணலப்பா."

அவன் வெளுத்த மண்ணைக் காலால் தொட்டுப் பார்த்தான். அதன்மேல் நடக்கக்கூட அவனுக்குக் கூசியது. இதில் எப்போது பூ வரும் என்று கேட்டான். பனி விழும் முன்னால் விதையைப் போடுவேன் என்றாள் அவள். வசந்தத்தில் முளைக்கும். பூக்க இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகும். இந்தத் துண்டு மட்டும். மீதியை அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம்.

"அதுவரைக்கும் அதுக்கு என்ன பண்ணணும்? தண்ணி கொண்டாந்து ஊத்தணுமா? வேலி போட்டுத் தரட்டா?"

இலிங்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஏளனம் என்னுடையதைவிடப் பெரியது. அதில் கோபம்கூட இல்லை.

"ஒண்ணும் பண்ணக்கூடாது. வருஷத்துல ஒரு தடவ, விதை விழுந்தப்புறம் அறுக்கணும். மத்தபடி சும்மா விடணும். அவ்வளவுதான் வேலை. உங்களால சும்மா இருக்க முடியுமாப்பா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். குதிரை தலையை ஆட்டி ஈயை விரட்டியது. கிளிகோர் வெறும் மண்ணைப் பார்த்தான், தன் இரண்டு கையையும் பார்த்தான்.

"முடியாதும்மா," என்றான்.

"அப்ப வாங்க," என்று எழுந்தாள் இலிங்கா. புரட்டிப்போட்ட பாளங்களைக் காட்டினாள். "இதத் தூக்குங்க."